பேஷண்ட் நான்தான்

சீட்டுப் போடுகிற ஜன்னலுக்கு உள்ளே இருந்தவர் என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, “பேஷண்ட் எங்கம்மா?”

“நாந்தாண்ணே” என்றேன்.

அவருக்குக் காது நன்றாகவே கேட்கும். ஆனாலும் தலையை நீட்டி என் முதுகுக்குப் பின்னால் தேடினார். பின்னால் நின்றவர்கள் எல்லாம் ஜோடி ஜோடியாக வந்திருந்தார்கள். கை நடுங்குகிற புருஷனைப் பிடித்துக்கொண்டு ஒரு மனைவி, நிற்க முடியாத மகனைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஓர் அம்மா. என்னோடு யாரும் இல்லை.

“ஒங்க வீட்டுக்காரரக் கூட்டியாங்கம்மா. ஆளப் பாக்காம டாக்டர் மாத்திரை எழுத மாட்டாங்க.”

“அவருக்கு இல்லண்ணே. எனக்குத்தான் பாக்கணும்.”

“இது போதைக்குப் பாக்குற எடம்மா.”

“தெரிஞ்சுதாண்ணே வரிசையில நிக்கிறேன்.”

எனக்குப் பின்னால் இருந்த அந்த அம்மா தன் மகனை இழுத்துக் கொஞ்சம் தள்ளி நிறுத்தினாள். அவன் காலையிலேயே ஊற்றிக்கொண்டு வந்திருந்தான், வாடை என் வரைக்கும் அடித்தது. அவளோ என்னிடமிருந்து அவனைக் காப்பாற்றினாள். நான் ஒரு குடிகாரனின் மனைவியாக வந்திருந்தால், “பாவம், என்ன பாடு படுறாளோ” என்று உச்சுக் கொட்டியிருப்பாள். நோய் எனக்கே என்றதும் அந்தப் பாவம் யாருக்கும் வரவில்லை. அன்றைக்கு வந்த கோபம் இன்னும் எனக்குத் தீரவில்லை, தீர வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை.

நான் குடிக்கிறவள் இல்லை. பெட்ரோல் மோந்துகொண்டிருந்தேன். இதை எழுத இப்போது வெட்கமாக இல்லை. வெட்கப்பட வேண்டியதையெல்லாம் பட்டு முடித்துவிட்டேன்.

என்னைக் கட்டிக் கொடுத்த ஊர் சாணார்பட்டிப் பக்கம் ஒரு கிராமம். கணவர் குட்டியானை வண்டி ஓட்டுகிறார். மார்க்கெட்டுக்குத் தக்காளி, வெங்காயம், அய்யலூர்ச் சந்தைக்கு ஆடு என்று எது கிடைத்தாலும் ஏற்றிப் போவார். மாமியார் வீட்டை ஒட்டிய நிலத்தில் மல்லிகை போட்டிருக்கிறார். மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். நான் மெயின் ரோட்டில் ஒரு பங்கில் பெட்ரோல் போடும் வேலையில் இருந்தேன். நீலக் கோட்டுப் போட்டுக்கொண்டு, “ஜீரோ பாத்துக்கங்க” என்று நாளெல்லாம் சொல்லிக்கொண்டு நிற்கிற பெண்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவர்களில் ஒருத்தி.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்த வாடைக்குத் தலை வலித்தது. சில மாதங்களில் வலி போய்விட்டது. பிறகு லீவு நாளில், வாடை இல்லாதபோது தலை வலித்தது. அப்போதுகூட அது பழக்கம் என்று எனக்குத் தோன்றவில்லை. சிலருக்குக் காபி இல்லாவிட்டால் வலிக்கிறதே, அது போலத்தான் என்று இருந்தேன்.

அந்தச் சமயத்தில் எனக்கு ஐந்தாம் மாதத்தில் ஒரு பிள்ளை தங்காமல் போயிற்று. உடம்பு தேறியதும் மறுபடி வேலைக்குப் போனேன். வீட்டில் யாரும் அந்தப் பிள்ளையைப் பற்றிப் பேசவில்லை. நானும் பேசவில்லை. பெட்ரோலை மோந்தால் செத்த நேரம் நினைப்பு நின்றுவிடும். அந்தச் செத்த நேரத்துக்காகத்தான் வீட்டிலும் ஆரம்பித்தேன். முதலில் கணவரின் பைக், பிறகு மருந்தடிக்கிற மெஷினுக்காக வைத்திருந்த கேன். கால் பாதம் மரத்துப்போகத் தொடங்கியது. மகளின் டீச்சர் பெயர் மறந்துபோனது. ஒருநாள் பங்கில் ஒரு பைக்குக்கு டீசலைப் போட்டுவிட்டேன். வண்டிக்காரர் போட்ட சத்தத்தில் ரோடே கூடியது. மேனேஜர், “ஒனக்குக் கண்ணு பின்னாலயா இருக்கு?” என்று கேட்டதோடு விட்டுவிட்டார்.

ஒருநாள் காலையில் பைக்கின் டேங்க் மூடியைத் திறந்து முகத்தை வைத்துக்கொண்டிருந்தபோது மாமியார் பார்த்துவிட்டார். பூக்கூடையோடு தோட்டத்திலிருந்து வந்தவர் அப்படியே நின்றார். எனக்கு உயிரே போனது. அவர் முகத்திலோ சிரிப்பு விரிந்தது.

“ஏத்தா, எத்தன நாளாச்சு குளிச்சு?” என்று கேட்டார்.

மாதவிலக்கு தள்ளிப்போயிருக்கிறதா என்று கேட்கிறார். எங்கள் பக்கத்தில் மசக்கைக்காரி சாம்பலைத் தின்பாள், சுண்ணாம்பைத் தின்பாள், மண்ணெண்ணெய் வாடைக்கு ஏங்குவாள் என்று எல்லா வீட்டிலும் ஒரு கதை இருக்கும். மாமியாரே என் கணவரைச் சுமந்தபோது செங்கல்பொடி தின்றவர். பெட்ரோலை மோக்கிற மருமகளைப் பார்த்ததும் அவருக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

உண்மையில் எனக்கு நாள் தள்ளித்தான் போயிருந்தது. என் உடம்பு அப்போது எந்தக் கணக்கிலும் இல்லை. ஆனால் வயிற்றில் ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். இல்லை அத்தை, இது வேறு என்று சொல்லியிருக்கலாம். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்தக் குனிவை அவர் வெட்கம் என்று எடுத்துக்கொண்டார்.

அதன் பிறகு பத்து நாள் எனக்கு ராஜ உபசாரம். மாங்காய் வந்தது, புளிச்சாதம் வந்தது, பக்கத்து வீட்டுக்காரி சாத்துக்குடி வாங்கி வந்தாள். தெரு முழுக்க மாமியார் சொல்லி முடித்திருந்தார். “போன தடவ தங்கல. இந்தத் தடவ ஆசப்பட்டது எதையும் மறுக்கக் கூடாது” என்று கணவருக்கு உத்தரவு. பைக்கை நிழலில் நிறுத்தி, “மோந்துக்கத்தா, எம் பேரன் கேக்குறான்” என்று அவரே மூடியைத் திறந்து விட்டிருக்கிறார். நான் மோந்தேன். இதற்கு நான் யார் மேலும் கோபப்பட முடியாது. அந்தப் பத்து நாள் நான் செய்தது பச்சைத் துரோகம்.

பதினோராம் நாள் கேன் இருந்த கொட்டகையில் மயங்கி விழுந்தேன். மாமியார் பதறிப்போய் ஆட்டோ பிடித்து சுகாதார நிலையத்துக்குத் தூக்கிப்போனார். நர்சம்மா பரிசோதனை அட்டையைக் காட்டி, “ஒத்தக் கோடுதான், புள்ள இல்ல” என்றார். பிறகு என் பக்கத்தில் குனிந்து மூச்சை இழுத்துப் பார்த்தார். அவருக்கு மூக்கு நன்றாக வேலை செய்தது. “எத்தன நாளா பெட்ரோல மோந்துக்கிட்டு இருக்க?” என்று நேராகவே கேட்டார். அந்த நேர்மைக்கு அவர் இருக்கிற திசை பார்த்து இன்றைக்கும் கும்பிடுவேன். ஒன்றரை வருஷமாக என்றேன்.

மாமியார் உட்கார்ந்திருந்த ஸ்டூலிலிருந்து எழுந்திருக்கவில்லை. “அப்ப எம் பேரன்?” என்று மட்டும் கேட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் கூட்டம் போட்டார்கள். கணவர், மாமியார், சின்னாளபட்டியிலிருந்து வந்திருந்த என் அண்ணன். என்னை எங்கே அனுப்புவது என்று பேசத்தான் கூடியிருந்தார்கள். அவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்தது நான். சர்க்கரை போதுமா என்று கேட்டார்களே தவிர வேறு எதையும் என்னிடம் கேட்கவில்லை.

கணவரின் சிநேகிதர் கொடுத்த நம்பருக்கு முதலில் அடித்தார்கள். குடியை நிறுத்தும் இல்லம் அது. “லேடீஸ் எடுக்கிறதில்ல சார்” என்று வைத்துவிட்டார்கள். இரண்டாவது நம்பர் நாலு மாவட்டம் தாண்டி எங்கோ இருந்தது. அங்கே எடுப்பார்களாம். கணவர் ஸ்பீக்கரில் போட்டார்.

“வண்டி அனுப்பிருவோம் சார். ரெண்டு பசங்க வருவாங்க, பேஷண்ட் முரண்டு பண்ணாலும் தூக்கிருவாங்க. நீங்க கையெழுத்து மட்டும் போட்டாப் போதும். ஆறு மாசம். மொத மூணு மாசம் பாக்க வரக் கூடாது, போன் கெடையாது.”

“பொம்பளையாளுகளுக்குத் தனி எடம் இருக்குங்களா?” என்று அண்ணன் கேட்டார்.

“மனநிலை சரியில்லாத லேடீஸ் இருக்காங்க. அவங்களோட சேத்துத்தான் வச்சிருப்போம்.”

மூன்று பேரும் தலையை ஆட்டினார்கள். ஆட்டை விற்கிறவன்கூட வாங்குகிறவனிடம் நாலு கேள்வி கேட்பான். நான் டீத் தட்டைக் கீழே வைத்துவிட்டு, “அங்க டாக்டர் இருக்காரா?” என்று போனைப் பார்த்துக் கேட்டேன்.

“யாரு பேசுறது?”

“பேஷண்ட்டு.”

“சார், அப்புறமாக் கூப்புடுங்க” என்று வைத்துவிட்டார்.

“ஏன் குறுக்க பேசுற?” என்று கணவர் எரிந்து விழுந்தார். “ஒன் நல்லதுக்குத்தான இம்புட்டும். புள்ளய எந் தங்கச்சி பாத்துக்குவா. அவ இருக்குற நத்தத்துலயே ஸ்கூல்ல சேத்துரலாம்.”

“ஆறு மாசம் கண்ண மூடித் தொறந்தா ஓடிரும் தங்கச்சி” என்றார் அண்ணன். அவர் தறிக்குப் போக வேண்டிய அவசரத்தில் இருந்தார்.

ஆறு மாதம் யாருக்கு ஓடும்? நாத்தனாருக்குப் பிள்ளை இல்லை. என் மகள் மேல் அவளுக்குக் கொள்ளை ஆசை. பிள்ளையை அங்கே சேர்த்து, புத்தகம் வாங்கி, தலை சீவி, பழகி முடித்த பிறகு, நாலு மாவட்டம் தாண்டி அடைத்து வைத்திருந்த ஒரு பெட்ரோல் மோக்கிறவளிடம் அவளைத் திருப்பிக் கொடுப்பார்களா? கொடுக்க மாட்டார்கள். நானே அவர்கள் இடத்தில் இருந்தால் கொடுக்க மாட்டேன். அந்த வண்டியில் ஏறினால் என் பிள்ளை எனக்கு இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

இத்தனைக்கும் அந்த ஞாயிற்றுக்கிழமை கணவர் குடித்திருந்தார். எல்லா ஞாயிறும் குடிப்பார். தட்டு நிறையக் கறி, பக்கத்தில் பாட்டில், பிறகு திண்ணென்று ஒரு தூக்கம். அதற்கு எங்கள் வீட்டில் பெயர் அசதி. வாரம் பூராவும் வண்டி ஓட்டுகிற மனிதர், அசதிக்குக் குடிக்கிறார். நான் வாரம் பூராவும் நின்றேன், எனக்கு அசதி வரலாம் என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் காலையில் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். “அம்மா, நத்தத்து ஸ்கூல்ல யூனிபார்ம் என்ன கலரு?” என்று கேட்டாள். யாரோ அவளிடம் அதற்குள் சொல்லிவிட்டார்கள். என்னிடம் சொல்லுமுன் அவளிடம் சொல்லிவிட்டார்கள். பின்னலை முடித்து ரிப்பன் கட்டி அவளைப் பள்ளிக்கு அனுப்பினேன். பிறகு டவுன் பெரியாஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினேன்.

அப்படித்தான் அந்த ஜன்னலுக்கு முன் போய் நின்றேன்.

சீட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனால் சுவர் முழுக்கப் படங்கள். எல்லாப் படத்திலும் மீசை வைத்த ஓர் ஆண், கையில் பாட்டில், ஓரத்தில் முந்தானையால் கண்ணைத் துடைக்கிற ஒரு பெண். எனக்கு அந்தப் படத்தில் ஓரமாகத்தான் இடம் வைத்திருந்தார்கள். விவரம் எழுதுகிற தாளில் மதுவுக்கு ஒரு கட்டம், புகையிலைக்கு ஒரு கட்டம், கஞ்சாவுக்கு ஒரு கட்டம் இருந்தது. என்னுடையதற்குக் கட்டம் இல்லை. எழுதியவர் பேனாவைக் கொஞ்ச நேரம் அந்தரத்தில் வைத்திருந்துவிட்டு ‘இதர’ என்பதற்கு நேராக டிக் போட்டார்.

டாக்டரம்மா என்னைவிட வயதில் சிறியவர். நான் சொல்லச் சொல்லக் குறுக்கே பேசாமல் எழுதிக்கொண்டார். பாதத்தில் தட்டிப் பார்த்தார், நெஞ்சுக்குப் படம் எடுக்கச் சொன்னார், ரத்தம் எடுக்கச் சொன்னார். மோக்காமல் இருந்த நாட்களில் வலிப்பு வந்ததா என்று கேட்டார். இல்லை என்றேன். செத்துவிடலாம் என்று தோன்றியதா என்றார்.

“புள்ள போன புதுசுல தோணுச்சு. இப்ப இல்ல. இப்ப கோவந்தான் வருது.”

“கோவம் பரவால்ல” என்றார். அவர் சிரிக்கவில்லை, அது எனக்குப் பிடித்திருந்தது.

எல்லாம் முடிந்த பிறகு என்னிடமே பேசினார். பக்கத்து நாற்காலியில் பேச வேறு ஆள் இல்லாததால்கூட இருக்கலாம். ஆனாலும் என்னைப் பற்றி என்னிடமே பேசிய முதல் ஆள் அவர்தான்.

“மொதல்ல இதத் தெரிஞ்சுக்கங்கம்மா. பெட்ரோல் மோக்கும்போது இதயம் திடீர்னு நின்னு போகலாம். எந்தத் தடவ நிக்கும்னு சொல்ல முடியாது. மொதத் தடவையே செத்தவங்க உண்டு.”

ஒன்றரை வருஷத்தில் இதை எனக்கு யாரும் சொன்னதில்லை. பங்கில் போன் பேசாதே, பீடி பற்ற வைக்காதே என்று தூணுக்குத் தூண் எழுதி வைத்திருக்கிறார்கள். பங்க் எரிந்து போகக் கூடாது, அதில் எல்லாருக்கும் அக்கறை. நாளெல்லாம் அந்தக் காற்றில் நிற்கிறவளுக்குச் சொல்ல ஒரு வரி கிடைக்கவில்லை.

“ஆஸ்பத்திரியில சேரணுமா?” என்றேன். ஆறு மாதமா என்று கேட்க வாய் வரவில்லை.

“சேரணும்னு அவசியம் இல்ல. வலிப்பு இல்ல, சாகுற நெனப்பு இல்ல, நீங்களா தேடி வந்திருக்கீங்க. வீட்ல இருந்துக்கிட்டே வாரா வாரம் வந்து பாக்கலாம். ஆசைய நிறுத்துற மாத்திரைன்னு இதுக்குக் கெடையாது. தூக்கத்துக்கும் மனசுக்கும் தர்றேன். மிச்சமெல்லாம் பேச்சுதான். ஆனா வீடு ஒத்து வரணும். அது சரிப்படலன்னா கொஞ்ச நாள் இங்கயே சேத்துப் பாப்போம், அதையும் ஒங்களக் கேட்டுத்தான் செய்வோம்.”

வீடு ஒத்து வர வேண்டிய விஷயங்களைச் சொன்னார். பங்க் வேலையை விட வேண்டும். கேன் வீட்டில் இருக்கக் கூடாது. பைக் சாவி என் கையில் இருக்கக் கூடாது. முக்கியமாக, தினமும் என்னைப் பார்க்கிற ஒருவர் ஒவ்வொரு வாரமும் என்னோடு வந்து நடந்ததைச் சொல்ல வேண்டும்.

“ஒங்களுக்காக மறைக்காத ஆளா இருக்கணும்” என்றார்.

வியாழக்கிழமைதோறும் வரச் சொல்லியிருக்கிறார்கள் என்று அன்று மாலை கணவரிடம் சொன்னேன். “வாரா வாரமா? வியாழக்கிழம அய்யலூர்ச் சந்த. எவன் ஆடு ஏத்துவான்?” என்றார். கிழமை மாற்றித் தருவார்கள் என்றேன். “போதை வார்டு வாசல்ல என்னய எவனாவது பாத்தா என்ன நெனப்பான்?” என்றார். அவர் வாங்குகிற கடை வாசலில் ஞாயிறுதோறும் ஊரே பார்க்கிறது, அதை நினைவுபடுத்தினேன். முகம் சிவந்துவிட்டது.

“வைத்தியம் ஒனக்கா எனக்கா? ஆறு மாசம் ஹோம்ல கெடந்தா ஒழுங்கா சரியாகும். வீட்ல உக்காந்து பேசுனா சரியாகுறதுக்கு இது என்ன தலவலியா?”

அண்ணனுக்குப் போன் செய்தேன். “மாப்ள சொல்றதக் கேளு தங்கச்சி” என்றார். எனக்கு அதற்கு மேல் ஆள் இல்லை. பங்கில் என்னோடு நின்ற பெண்கள் நல்லவர்கள்தான், ஆனால் எனக்காக மறைப்பார்கள். அவர்களில் இரண்டு பேருக்கு அந்த வாடை பிடிக்கும் என்பதும் எனக்குத் தெரியும்.

எனக்காக மறைக்காத ஆள் எங்கள் வீட்டில் ஒருவர்தான் இருந்தார்.

மாமியார் என்னோடு பேசி அப்போது ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. சோறு வேண்டுமென்றால்கூடப் பேத்தியிடம் சொல்லித்தான் கேட்பார். தெருவில் அவரைப் பார்க்கிறவர்களெல்லாம், “என்ன, பேரன் பெட்ரோல்ல ஓடுறானாமே” என்று கேலி பேசிக்கொண்டிருந்தார்கள். விடிகாலையில் அவர் மொட்டுப் பறித்துக்கொண்டிருந்த செடிக்குப் பக்கத்துச் செடியில் போய் நானும் பறிக்க ஆரம்பித்தேன். விஷயத்தைச் சொன்னேன்.

அவர் கை நிற்கவில்லை. “தெருவுல என்னயச் சிரிப்பாச் சிரிக்க வச்சவ நீ. ஒனக்கு நா தொணைக்கு வரணுமா?”

“அதுக்குத்தான் அத்த ஒங்களக் கூப்புடுறேன். நீங்க என்னய விட மாட்டீங்க.”

“ஆமா, விட மாட்டேன். நீ மோந்துட்டு இல்லன்னு சொன்னா டாக்டர் மொகத்துக்கு நேரா சொல்லுவேன்.”

“அதத்தான் அவங்களும் கேக்குறாங்க.”

கொஞ்ச நேரம் பறித்தார். பிறகு, “நாந்தான மூடியத் தொறந்து விட்டேன்” என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. என் பக்கம் திரும்பாமலேயே, “எத்தன மணி பஸ்ஸு?” என்று கேட்டார்.

பங்கில் சொல்லிவிட்டு வேலையை விட்டு நின்றேன். மண்டியில் வெங்காயம் தரம் பிரிக்கிற வேலை கிடைத்தது. கண்ணீர் வந்தால் ஏன் என்று யாரும் கேட்காத ஒரே வேலை அது, முதல் மாதம் எனக்கு அது வசதியாக இருந்தது. கேன் பக்கத்துத் தோட்டத்து மோட்டார் ரூமுக்குப் போனது. பைக் சாவியை மாமியார் ராத்திரி வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். கணவர் முணுமுணுத்தார். “சரிப்படலன்னா அந்த வண்டிய வரச் சொல்லிருவேன், பாத்துக்க” என்று சாப்பிடும்போதெல்லாம் சொன்னார். மகள் அப்போது என் தட்டைத்தான் பார்ப்பாள்.

இரண்டு வியாழன் நல்லபடியாகப் போனது. மாமியார் டாக்டரம்மா முன்னால் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, சாட்சி சொல்கிற மாதிரி ஒப்பிப்பார். “செவ்வாக்கெழம எரிஞ்சு விழுந்தா. தட்டத் தூக்கி எறிஞ்சா. மோக்கல.” ஒன்றைக்கூட விட மாட்டார். பஸ்ஸில் திரும்பும்போது ஒரு வார்த்தை பேச மாட்டார். எனக்கு அவர் மேல் ஆத்திரமாகவும் வரும், நிம்மதியாகவும் இருக்கும்.

மூன்றாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை கணவர் குடித்துவிட்டு வந்தார். மறுநாள் மல்லிகைக்கு மருந்தடிக்க வேண்டும் என்று நினைவு வந்து, மோட்டார் ரூமிலிருந்து கேனை எடுத்து வந்து அடுப்படி வாசலில் வைத்துவிட்டுப் படுத்துவிட்டார். மாமியார் ஒரு கல்யாண வீட்டுக்குப் பூக் கொடுக்கத் தாடிக்கொம்புக்குப் போயிருந்தார். நான் அந்தக் கேனைத் தாண்டித் தாண்டிச் சமையல் செய்தேன். மூன்று முறை தாண்டினேன், அவ்வளவுதான் என்னால் முடிந்தது. மாமியார் வந்தபோது நான் கேனுக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன்.

அவர் கத்தவில்லை. கேனை எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வந்து தண்ணீர் கொடுத்து என்னை வாசல் காற்றில் உட்கார வைத்தார். உள்ளே அவர் மகன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை டாக்டரம்மாவிடம் மாமியார் சொல்வதற்கு முன்னால் நானே சொன்னேன். இத்தோடு சரி, இனி வீட்டில் இருந்து பார்க்க முடியாது என்று அவர் சொல்லிவிடுவார் என்று பயந்துபோய் இருந்தேன். “ஒரு தடவ வழுக்குனா வைத்தியம் தோத்துப் போச்சுன்னு அர்த்தம் இல்லம்மா” என்றார். பிறகு மாமியாரைப் பார்த்தார். “கேன் வீட்ல இருக்கக் கூடாதுன்னு சொல்லியிருந்தேனே. எப்படி வந்துச்சு?”

மாமியார் சேலைத் தலைப்பை முறுக்கினார். முதல் வாரம் டாக்டரம்மா, வீட்டில் வேறு யாருக்காவது பழக்கம் உண்டா என்று கேட்டபோது, “எம் மகன் தங்கமானவன்” என்று சொன்னவர் இவர். நான் வாயைத் திறக்கவில்லை. நான் சொன்னால் அது மனைவியின் புகாராகிவிடும்.

“எம் மகன் எடுத்தாந்து வச்சான்” என்றார். “குடிச்சிருந்தான். ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம குடிப்பான். சொல்லக் கூடாதுன்னு இருந்தேன். இவ செஞ்சதெல்லாம் வாரா வாரம் சொன்னேன்ல, அவன் செஞ்சதயும் எழுதிக்கங்க.”

டாக்டரம்மா எழுதிக்கொண்டார். அடுத்த வாரம் அவரையும் கூட்டி வரச் சொன்னார்.

வீட்டுக்கு வந்தபோது கணவர் சந்தையிலிருந்து திரும்பியிருந்தார். யாரோ சொல்லியிருக்கிறார்கள், அல்லது என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்திருக்கலாம். “மறுபடி மோந்தியாமே? அப்பவே சொன்னேன். இன்னைக்கே வண்டிய வரச் சொல்றேன்” என்று போனைத் தடவ ஆரம்பித்தார். மகள் புத்தகப் பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அடுப்படியில் நின்றாள். ஓடிப் போய் போனைப் பிடுங்கலாமா என்றுகூட நினைத்தேன்.

மாமியார் பஸ்ஸில் போட்டு வந்த செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“கூப்புடுறா, வரட்டும்” என்றார். “வண்டியில ரெண்டு பேஷண்டுக்கு எடம் இருக்கான்னு மட்டும் கேட்டுக்க.”